ஒற்றை ஆளாகப் பேட்டி எடுப்பவருக்கு எந்த மைக்?

கேமராவையும் பார்த்து, கேள்வியும் கேட்டு, ஒலியையும் கவனிப்பது ஒரே ஆள் என்றால், முதலில் கோட்டைவிடுவது ஒலியில்தான். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஹெட்ஃபோனில் கரகரப்பைத் தேட முடியாது. அதனால் மைக் வாங்கும்போது எது இனிமையாகப் பதிவு செய்யும் என்பதைவிட, யாரும் கவனிக்காத அரை மணி நேரத்தில் எது சொதப்பாது என்று பாருங்கள்.

பலரும் முதலில் வாங்குவது கேமராவின் தலையில் மாட்டும், முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் குட்டி ஷாட்கன் மைக். பேட்டிக்கு அது வேண்டாம் என்பேன். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறையும். சட்டையில் நெஞ்சருகே குத்திய காலர் மைக் 20 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, கேமரா 160 செ.மீ. தள்ளி நிற்கிறது என்றால் இழப்பு 18 டெசிபெல். அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் அப்படிக் குறைவதில்லை. கெயினை, அதாவது பதிவின் ஒலி அளவை, ஏற்றினால் அவையும் கூடவே ஏறும். ஷாட்கன் ஒலியை ஜூம் செய்து இழுத்து வராது, பக்கத்துச் சத்தத்தை ஓரளவு தள்ளும், அவ்வளவுதான். வெற்றுச் சுவர்கள் உள்ள சிறிய அறையில் அதுவும் சரியாக நடக்காமல், குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

காசு குறைவாக இருந்தால் வயர் உள்ள காலர் மைக்தான் என் முதல் தேர்வு. சிக்னல் அறுந்துபோகாது, சார்ஜ் போடும் வேலை இல்லை, எல்லாப் பக்கமும் கேட்கும் வகை என்பதால் பேசுபவர் தலையைத் திருப்பினாலும் குரல் பெரிதாக மாறாது. போயா பிஒய்-எம்1 போன்றவற்றில் 6 மீட்டர் வயர், ஓர் எல்ஆர்44 பட்டன் பேட்டரி, ஃபோனுக்கும் கேமராவுக்கும் மாற்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். 'மைக் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் பல இந்தச் சுவிட்சில்தான் முடிகின்றன. வேலை முடிந்ததும் அதை ஃபோன் பக்கம் திருப்பி வைக்காவிட்டால் பேட்டரி பைக்குள்ளேயே தீர்ந்துவிடும். உபரியாக இரண்டு பேட்டரி வைத்திருங்கள்.

அடுத்த வில்லங்கம் பின். 3.5 மி.மீ. பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் கேமராவுக்கு, மூன்று இருந்தால் ஃபோனுக்கு. மாற்றிச் செருகினால் ஒலி வராது, அல்லது ஃபோன் பேசாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துவிடும். மைக்கை நகத்தால் மெல்லத் தட்டி, பதிவில் 'டொக்' என்று பெரிதாகக் கேட்கிறதா என்று சரிபாருங்கள். இரண்டு மைக்கை ஒரே கேமராவில் இணைக்க, பாட்டைப் பகிர்ந்து கேட்க உதவும் ஹெட்ஃபோன் ஸ்ப்ளிட்டரை வாங்காதீர்கள். அது இரண்டு குரலையும் ஒன்றாகக் கலந்துவிடும். எடிட்டில் பிரிக்க முடியாது. ஒன்றை இடது சேனலுக்கும் மற்றொன்றை வலது சேனலுக்கும் அனுப்பும் கேபிள் தனியாக உண்டு.

மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, நடு நெஞ்சில் குத்துங்கள். கழுத்துக்கு மிக அருகில் போனால் குரல் மங்கும். கிளிப்புக்குக் கீழே வயரை ஒரு சுற்று வளைத்துச் செருகினால், வயர் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. பட்டு, நைலான் துணிகள் உரசும். சங்கிலி, அடையாள அட்டை இரண்டையும் கழற்றச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

வயர்லெஸ் எப்போது? பேசுபவர் நடக்க வேண்டும், அல்லது முழு உருவமும் தெரிய வேண்டும் என்றால். விலை குறைந்தவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபை ஓடும் அதே அலைவரிசை. மனித உடல் அதை நன்றாகவே தடுக்கும். டிரான்ஸ்மிட்டரை (பேசுபவர் மாட்டும், ஒலியை அனுப்பும் பெட்டி) முதுகுப்பக்கம் மாட்டிவிட்டு ரிசீவரை (அதை வாங்கிக் கேமராவுக்குத் தரும் பெட்டி) முன்னால் வைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சிக்னல் அறுந்தாலும் அந்தப் பதிவு கையில் இருக்கும், தனியாளுக்கு அதுதான் உதவியாளர். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் பட்டனை அணைத்தே வையுங்கள். அது குரலையும் சேர்த்துச் சுரண்டும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

இரைச்சலான தெருவில் நின்று பேசுவதற்குக் கையில் பிடிக்கும் டைனமிக் மைக் (மேடைப் பாடகர்கள் பிடிக்கும் வகை) போதும். கேள்விக்கும் பதிலுக்கும் நீங்களே திருப்பிக் காட்டலாம்.

எந்த மைக்கானாலும், ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் கேமராவின் ஆட்டோ கெயினை அணையுங்கள். பேசுபவர் மூச்சு விடும் இடைவெளியில் அது இரைச்சலைத் தூக்கிவிடும். வயர்லெஸ் என்றால், ரிசீவரின் ஒலியைக் கூட்டி, கேமராவின் அளவை முடிந்தவரை குறைத்து வைத்தால் கேமராவின் 'ஸ்ஸ்' குறையும். கேமரா காட்டும் ஒலி அளவில் சாதாரணப் பேச்சு -12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும். சிரித்தாலும் -6 தாண்டக் கூடாது. பெயரை மட்டும் சொல்லச் சொல்லி அளவு பார்க்காதீர்கள், பேட்டி சூடுபிடிக்கும்போது எல்லாரும் குரலை உயர்த்துவார்கள். 30 விநாடி பேசவைத்து, கேமராவில் ஹெட்ஃபோன் ஜாக் இல்லாவிட்டால் அந்தப் பதிவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஃபோனில் பதிவு செய்தால் ஏரோபிளேன் மோட் கட்டாயம்.

ஃபேனை நிறுத்துங்கள், ஏசியையும். ஃப்ரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்பப் போடாமல் கிளம்ப முடியாது.