அப்பா எழுதுகிறார், ஜாக்கிரதை

சனிக்கிழமை காலை மகளின் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அப்பா எழுதுகிறார். ஜாக்கிரதை.’ எழுத்துக்குக் கீழே ஒரு படம். நாலு கால், தொங்குகிற காது, மூக்குக்கண்ணாடி. வரைந்த சின்னவனைக் கூப்பிட்டு, “இது நாயா, நானா?” என்று கேட்டேன். அவனே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, “முதல்ல நாய்தான் வரைஞ்சேன். அக்காதான் கண்ணாடி போடச் சொன்னா” என்றான்.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக வீட்டு விஷயங்களை வாரத்துக்கு ஒன்று என்று எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்து வைத்தவளே இவள்தான். மூன்று வயதில் ஒருநாள் தூங்கி எழுந்து வந்து, “அப்பா, நேத்து எங்கே போச்சு?” என்றாள். ஏதோ பொம்மைக்கு இவள் வைத்த பேர் போலிருக்கிறது என்று நினைத்து, கட்டிலுக்கடியில் குனிந்து டார்ச் அடித்தெல்லாம் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது, அவள் கேட்டது முந்தைய நாளை. அன்று ராத்திரி அதை எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எழுதுவதற்கு ஒரு நியாயமும் கைவசம் வைத்திருந்தேன். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது எதுவும் வளர்ந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. மனநூல்காரர்கள் இதற்குக் ‘குழந்தைப் பருவ மறதி’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஆறேழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் மூன்று வயதுச் சமாச்சாரம் ஓரளவு சொல்லும். எட்டு, ஒன்பது வயதில் கேட்டால் விழிக்கும். அவளிடமிருந்து உதிர்வதை எல்லாம் நான் பொறுக்கி வைக்கிறேன், நான் ஒரு வங்கி என்று எனக்குள் பெருமை. லாக்கரைத் திறந்து வாரத்துக்கு ஒரு நகையாக ஊருக்குக் காட்டுகிற வங்கியில் நீங்கள் கணக்கு வைப்பீர்களா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஆறு வயது வரை அவளுக்கும் இதில் குஷிதான். எதையாவது சொல்லிவிட்டு, “எழுதிக்கோங்கப்பா” என்பாள். பத்து வயதில் அது “எழுதிடாதீங்கப்பா” ஆனது. அதை நான் செல்லச் சிணுங்கல் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சிணுங்கலைப் பற்றியும் ஒன்று எழுதினேன்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. போன மாதம் பேச்சுப் போட்டிக்குக் கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். சீப்புதான் மைக். “நடுவர் அவர்களே!” என்று கம்பீரமாக ஆரம்பித்தவள், மூன்றாவது வரியில் மறந்துபோய், கண்ணாடியில் இருந்த தன்னைப் பார்த்தே தலையைக் குனிந்து, “ஸாரி நடுவர் அவர்களே” என்றாள். எந்த அப்பனால் இதை எழுதாமல் இருக்க முடியும்? எழுதினேன். நாலு பேர் படித்துச் சிரித்தார்கள். நாலாவது ஆள் அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா.

திங்கட்கிழமை இவள் வகுப்புக்குள் நுழைந்தபோது ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக எழுந்து, ஆளுக்கொரு சீப்பை வாய்க்கு நேரே பிடித்து, “ஸாரி நடுவர் அவர்களே” என்றார்களாம். நல்ல எழுத்து மக்களைப் போய்ச் சேரும் என்பார்கள். சேர்ந்துவிட்டது.

அன்று சாயந்திரம் கதவு சாத்தும் சத்தமோ அழுகையோ எதுவும் இல்லை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு நோட்டைத் திறந்தாள்.

“ஐ.நா.வோட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தெரியுமாப்பா?”

“தெரியுமே” என்றேன். தெரியாது.

“1989 நவம்பர் 20-ல ஐ.நா. பொதுச்சபை ஏத்துக்கிட்டது. மொத்தம் 54 பிரிவு. பிரிவு 16 படிக்கிறேன்.”

படித்தாள். குழந்தையின் அந்தரங்கத்திலோ குடும்பத்திலோ வீட்டிலோ கடிதங்களிலோ தன்னிச்சையாகவோ சட்டவிரோதமாகவோ யாரும் தலையிடக் கூடாது. அதன் மானத்துக்கும் நற்பெயருக்கும் பங்கம் வரும்படி எதுவும் செய்யக் கூடாது. “சீப்பு மேட்டர் ‘நற்பெயர்’ல வரும்” என்று விளக்கமும் சொன்னாள்.

குடும்பம், வீடு என்று சொல்கிறார்களே, நானும் அதே வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கும் அந்தப் பிரிவு பொருந்தாதா என்று ஒரு சட்ட நுணுக்கம் பேசிப் பார்த்தேன்.

“பிரிவு 1. குழந்தைன்னா 18 வயசுக்குக் கீழே. உங்களுக்கு 44.”

உதவி வரும் என்று மனைவியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “அவளுக்காவது பிரிவு 16 இருக்கு. எனக்கு என்ன இருக்கு?” என்றாள். ஒன்பது வருட பாக்கி அப்போது வெளியே வந்தது. நான் எழுதுவதில் அவள் எப்போது வந்தாலும் யாரையாவது திட்டிக்கொண்டேதான் வருகிறாளாம். வருவாள், கதவைத் திறப்பாள், ஒரு வசனம், போய்விடுவாள். “நடுவுல நான் என்ன பண்றேன்னு யாருக்காவது தெரியுமா? ஆபீஸ் போறேனா, தூங்குறேனா, ஒண்ணும் கிடையாது. கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருக்கேன் போல.”

அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு அடுத்து வந்தது. “நான் சொன்ன நல்ல வசனத்தை எல்லாம் நீங்க சொன்னதா எழுதிக்கிறீங்க. நீங்க சொன்ன மொக்கையை எல்லாம் எனக்குக் கொடுத்துடுறீங்க.”

இதில் உண்மை உண்டு. பிள்ளைகள் சண்டையில் யார்மேல் தப்பு என்று கண்டுபிடிப்பதைவிட ரெண்டு பேரையும் குளிக்க அனுப்புவது சுலபம் என்று முன்பு ஒருமுறை எழுதி, நல்ல பேர் வாங்கினேன். அது அவளுடைய வாக்கியம். யோசித்தால், குளிக்க அனுப்பியதும் அவள்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சின்னவனின் வழக்கு நேர் எதிர். அவனைப் பற்றி எழுதுவது போதாதாம். “அக்காவைப் பத்தி எத்தனை எழுதியிருக்கே? என்னைப் பத்தி எத்தனை?” என்று கேட்டு, என்னை உட்காரவைத்து எண்ண வைத்தான். அக்கா 61. அவன் 14. அந்தப் பதினாலிலும் ஐந்தில் தூங்குகிறான். இரண்டாவது பிள்ளைக்குப் புகைப்படம் குறைவாக இருக்கும் என்பது பழைய கதை, சிரிப்புத் துணுக்கிலும் குறைவு என்றால் நியாயமா? மூத்தவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் அதிசயமாக இருந்தது. இவன் அதையே சொன்னபோது, ‘ஆமா, இது வரும்’ என்று தலையாட்டிவிட்டேன். அதனால் பையன் கொஞ்ச நாளாகச் சொந்த முயற்சியில் இறங்கியிருக்கிறான். பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூடத்தில் நடந்து சுவரில் முட்டிக்கொள்வான். பக்கெட்டைக் கொஞ்சமாகத் தூக்கி, “எழுதினியா?” என்று கேட்பான்.

மறுநாள் மகள் புதுத் தகவலோடு வந்தாள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக் காட்சிகளை வீடியோ எடுத்துப் போட்டுப் பெற்றோர் சம்பாதித்தால், அதில் அடிக்கடி வருகிற 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தே ஆகவேண்டும்.

“அது வீடியோவுக்கு, நான் எழுத்துக்காரன். அதுவும் ஒன்பது வருஷத்துல நான் சம்பாதிச்சது பூஜ்யம்” என்றேன்.

“அதுல பாதி?” என்றான் சின்னவன்.

“பூஜ்யம்டா.”

“எனக்கு எப்பவுமே கம்மிதான்” என்று எழுந்து போனான்.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு எதிர்வாதம் தயாரிக்க உட்கார்ந்தேன். ஏ. ஏ. மில்ன் நினைவுக்கு வந்தார். தன் பையனையும் அவனுடைய கரடிப் பொம்மையையும் வைத்து எழுதி உலகப்புகழ் பெற்றவர். 1926-இல் வந்த ‘வின்னி த பூ’வில் பையனுடைய பேரைக்கூட மாற்றவில்லை, கிறிஸ்டோபர் ராபின் என்றே போட்டார். பெரியவர்களே செய்திருக்கிறார்கள் என்று ஒரு போடு போடலாம் என்று உற்சாகமாகி, அந்தப் பையன் வளர்ந்தபிறகு அப்பாவைப் பற்றி என்ன சொன்னார் என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. உறைவிடப் பள்ளியில் அவரைப் பற்றிய பாட்டின் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். 1974-இல் அவரே நினைவுக் குறிப்பு எழுதினார். என் பிஞ்சுத் தோள்மேல் ஏறித்தான் அப்பா மேலே போனார் என்று தனக்கு ஒருகாலத்தில் கசந்ததை அதில் சொல்லியிருக்கிறார். இங்கே இசைத்தட்டுக்குப் பதில் சீப்பு. எதிர்க்கட்சி சாட்சியை நானே போய் வண்டி வைத்து அழைத்து வந்த மாதிரி ஆகிவிட்டது. தேடிய தடயத்தை எல்லாம் போனில் அழித்துவிட்டுப் படுத்தேன்.

இதற்கிடையில் மகள் பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, போன் போட்டு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்றவனுக்குக் கேட்டதெல்லாம், “அப்புறம்?”, “அப்பாவா?”, “எத்தனாவது படிக்கும்போது?” மூன்றும்தான். பேசி முடித்து நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். அதன்பிறகு நான் பேரம் பேசவில்லை.

ஒப்பந்தம் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்தானது. பள்ளி, தோழிகள், அழுகை மூன்றும் முழுத் தடை. ஆறு வயதுக்கு முந்தியதெல்லாம் ‘பழைய சரக்கு’, அதற்குத் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், கேட்ட அன்றே பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ‘நேத்து எங்கே போச்சு’ மட்டும் எப்போதுமே இலவசம், அது தனக்கும் பிடிக்கும் என்றாள். சீப்புக் கதையை இங்கே திரும்ப எழுத ஒரு தடவைக்கு மட்டும் அனுமதி. ‘நடந்ததை முழுசா எழுதணும், உங்க தப்போட சேர்த்து’ என்பது நிபந்தனை. மனைவி பங்குக்கு ஒரே ஒரு திருத்தம் சேர்த்தாள். அவள் சொன்ன வசனம் அவள் வாயிலேயே வரவேண்டும். எழுதி முடித்தது எதுவானாலும் வெளியே போகும்முன் மகளின் பார்வைக்குப் போகும்.

முதலாவதாகப் போனது இதுதான். சிவப்புப் பேனாவோடு திரும்பி வந்தது. நீக்கம் இரண்டு இடம். இந்தப் பத்திக்கு மேலே ஒரு பத்தி இருந்தது, நல்ல பத்தி, போய்விட்டது. மில்ன் பத்திக்கு ஓரத்தில், ‘இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?’ என்று ஒரு குறிப்பு. மிச்சமெல்லாம் ஒற்றுப் பிழை. பதினொன்று. ‘ஒன்பது வருஷமா இப்படியேவா எழுதிட்டிருக்கீங்க?’ என்று கடைசியில் எழுதியிருந்தாள். ஏ. ஏ. மில்னுக்கு இந்தக் கஷ்டம் இருந்திருக்காது, இங்கிலீஷில் வல்லினம் மிகாது.

அத்தோடு முடியவில்லை. பிரிவு 12 என்று ஒன்று இருக்கிறதாம். தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தைக்குத் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு. அதன்படி அவளுக்கு இங்கே ஒரு பத்தி ஒதுக்கியாக வேண்டும். ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

‘எங்கள் அப்பா எழுதும்போது கூப்பிட்டால் “ம்” என்பார். முதல் “ம்” காதில் விழவில்லை என்று அர்த்தம். இரண்டாவது “ம்” குரல் கேட்கிறது, யார் என்று தெரியவில்லை என்று அர்த்தம். மூன்றாவது “ம்” வந்த உடனே எதைக் கேட்டாலும் சரி என்பார். நானும் தம்பியும் இதைக் கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா எங்களைப் பற்றி எழுதும்போதுதான் நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்பதில்லை.’

போன வருடம் கூடத்தில் மீன் தொட்டி வந்த மர்மம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. மனைவி வாங்கித் தந்தாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் சம்மதித்தேன் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் நினைத்ததுதான் சரி. தொட்டி வந்த அன்று, ‘வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை’ என்கிற ரீதியில் ஒன்று எழுதியிருக்கிறேன். தேதியைப் பார்த்துச் சொன்னது மகள்தான். அவள் பத்தியின் கடைசி வரியை மட்டும் நான் பார்க்கவில்லை என்பதுபோல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடியும் வாங்கிப் படித்தேன்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சின்னவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தான். அக்கா வருகிற இடம், தான் வருகிற இடம். ஒரு தடவை எண்ணி, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்க்கிற சத்தம் கேட்கிறது.