ரொட்டி சுடும் நேரத்துப் பேச்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் அம்மாமார் பிள்ளைகளோடு பேசுவதெல்லாம் "வெரசா வா, அழாத, ஓடு" தான். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். ஆனால் பொழுது சாய்ந்து தொழிலாளர் வரிசை வீடான லயத்து அடுப்பில் ரொட்டி சுடும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து "இன்னைக்கு என்னடா பாத்த?" என்பார், நான் அட்டைப் பூச்சியைப் பார்த்தேன் என்றால் "எம்மாம் பெருசு, யாரு கால்ல?" என்று அடுத்த கேள்வி வரும், மாவு முடியும் வரை அது நீளும்.

2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் கண்டதும் இதுதான்: காதில் விழும் சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசுவதற்கும் மூளையின் மொழிப் பகுதி இயங்குவதற்கும்தான் நெருங்கிய தொடர்பு.

அப்பாமார்தான் எனக்குக் கவலை. என் தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான், போனில் மகளிடம் "சாப்பிட்டியா, அம்மா சொல்றதக் கேளு" என்பதோடு சரி. போன வாரம் சண்டை போட்டே சொன்னேன், ஏதாவது கேளுடா, அவள் சொல்லட்டும் என்று. அப்புறம் கேட்டிருக்கிறான். பூனை குட்டி போட்ட கதையை அரை மணி நேரம் சொன்னாளாம்.