கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு. யாரோ ஒரு பெரிய தலைவர் வருகிறார், சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) போக்குவரத்து மாற்றம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. வழக்கம்போலப் புலம்பல் ஆரம்பித்தது. அதற்கு ஒருவர், "ஷி ஜின்பிங் வந்தப்போ ரெண்டு நாள் எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலையா? ஊரே பளபளன்னு ஆச்சே, இதுக்கும் பண்ணிக்கலாம்" என்று போட்டிருந்தார். கட்டைவிரல் தூக்கி ஏழெட்டுப் பேர் ஆமோதித்தார்கள். பதில் எழுத ஆரம்பித்தேன், எழுத எழுத நீண்டுகொண்டே போனது, குழுவில் போடுகிற அளவில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசிக் கடைசிச் சனி. பிரதமர் மோடியைச் சந்திக்க, மதியம் இரண்டு மணிவாக்கில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கினார், கிண்டியில் ஹோட்டலுக்குப் போனார், சாயங்காலம் அங்கிருந்து மாமல்லபுரம். பிரதமர் மோடி விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் கோவளம் பக்கம் போய்விட்டார். சீனத் தலைவர்கள் ஹெலிகாப்டரைத் தவிர்ப்பார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஆக அவருக்குக் கார்தான், அதுவும் அவர்கள் நாட்டிலிருந்தே கொண்டுவந்த ஹோங்கி கார். ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தரைவழிப் பயணம் என்றால் அவ்வளவு தூரத்துக்கும் தெருவோரம் காவல் நிற்க வேண்டும், ஒவ்வொரு சந்தும் அடைபட வேண்டும். எங்கள் துரைப்பாக்கத்து வாழ்க்கை அன்றைக்கு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

எனக்கு அன்று ஒரு கஷ்டமும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓ.எம்.ஆரில் பல கம்பெனிகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டன, என் ஆபீசும் சொன்னது. பையனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஃபில்டர் காபி போட்டு வைத்துக்கொண்டு பால்கனியில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. குழுவில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப்போல அட்ஜஸ்ட் செய்துகொண்டவர்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கண்ணகி நகரில் இருக்கிறார். எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகள் அவருக்கு. காலையில் வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போவார், மூன்று மணிக்கு மேல் பாத்திரம் துலக்க மறுபடி வருவார். அன்று காலை வந்துவிட்டார். மதியம் மூன்றே கால் இருக்கும், போன் வந்தது. "நான் இங்கதான் நிக்கிறேன்மா, ரோட்டுக்கு இந்தப் பக்கம், தெரியுதா?"

கீழே இறங்கிப் போனேன். அந்தச் சாலையை அப்படி நான் பார்த்ததே இல்லை. அகலமான ரோடு, ஒரு வண்டி இல்லை, ஒரு ஹாரன் இல்லை, வெயில் மட்டும் காய்ந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு நாய் நிதானமாகக் குறுக்கே போனது. இரண்டு ஓரமும் தடுப்பு வைத்து, தடுப்புக்கும் தடுப்புக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்குப் பின்னால் அக்கா, கையில் அந்த மஞ்சள் துணிப்பை, என்னைப் பார்த்ததும் பையோடு கையைத் தூக்கிக் காட்டுகிறார். அவரோடு இன்னும் ஒரு முப்பது பேர் இருக்கும். கட்டிட வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள், செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஷிப்டுக்குக் கிளம்பினவர், சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண். எல்லாரும் நடந்து கடக்க வேண்டியவர்கள். கார் வருவதற்கு இன்னும் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருந்தது. நடந்து கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. விடவில்லை. எப்போது விடுவார்கள் என்று நின்றவர்களுக்கும் தெரியாது, நிறுத்தியவர்களுக்கும் தெரியாது, "மேல இருந்து சொல்லணும்மா" என்பதுதான் பதில். அக்கா ஐந்து மணி வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கால் வலி தாங்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இந்தப் பக்கம் எங்கள் கேட்டருகே நின்றது ஒரு பெண் காவலர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெளிமாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள், விடியற்காலை இறக்கிவிட்டது, அதிலிருந்து அதே இடம். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அக்கா, பாத்ரூம் போய்க்கலாமா? காலைல இருந்து போகல" என்றார். வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தொப்பியைக் கழற்றிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார், லத்தியைச் சுவரில் சாய்த்தார், உள்ளே போய்வந்து முகம் கழுவினார். தண்ணீர் கொடுத்தால் இரண்டு மிடறுதான் குடித்தார். இன்னும் குடிம்மா என்றேன். "வேணாம்க்கா, குடிச்சா மறுபடி போகணும்" என்றார். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற பிள்ளை தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டார், இடத்தில் இல்லாமல் போனால் திட்டு விழும். அன்று இரவு விருந்து முடிந்து கார் திரும்பிப் போகும்வரைக்கும் அவர் அங்கேதான் நின்றார், பால்கனியிலிருந்து பார்த்தேன்.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கூட்டத்தில் என்ன நடந்தது என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அன்று செத்ததில் காவலர்களும் உண்டு, கூட்டத்துக்கு வந்த சாதாரண ஜனங்களும் உண்டு. வேறொரு நாட்டின் அதிபர் நம் மண்ணில் இருக்கும்போது சின்னக் கீறல் விழுந்தாலும் அது இரண்டு தேசத்துப் பிரச்சினை. அதெல்லாம் சரி. அவர் வரும் நிமிடத்தை வெளியே சொல்ல முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் நடந்து போகிறவர்களுக்காக ஒரு அரை கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் சோதனை செய்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடக்கவிட்டால் என்ன கெட்டுவிடும்? கார் நெருங்கும்போது அதையும் அடைத்துக்கொள்ளட்டும். நிற்கவைத்தவர்களுக்கு ஒரு நிழல், ஒரு தண்ணீர் கேன், காவலுக்கு நிற்கும் பெண்களுக்கு ஒரு நடமாடும் கழிவறை, இதற்கெல்லாம் எந்த ரகசியம் குலைந்துபோகும்?

மாமல்லபுரத்துப் பக்கம் இன்னும் மோசம். என் கணவருக்குத் தேவனேரியில் மீனவர் ஒருவர் பழக்கம், ஃபைபர் படகு வைத்திருக்கிறார், நாங்கள் மீன் வாங்குவது அவரிடம்தான். அந்தச் சமயத்தில் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், கடலில் கடலோரக் காவல்படைக் கப்பல் நின்றது. அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். புரட்டாசியில் பாதி ஜனம் கவிச்சி தொடாது, மீன் விலை போகாது, ஏலத்தில் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். ஐப்பசி பிறந்தால் விலை ஏறும், ஆனால் அதற்குள் வாடைக்காற்று மாறிக் கடல் முரண்டு பிடிக்க ஆரம்பித்துவிடும். அந்த இடைப்பட்ட நாட்களில் ஒவ்வொரு நாளும் காசு. அந்த வருடம் அக்டோபர் 16 அன்றே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது, அதாவது அதிபர் கிளம்பிப் போன நான்காம் நாள். தீபாவளி 27ஆம் தேதி. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவேண்டிய மாதத்தில் படகைக் கரையில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இதில் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாத ஒன்று உண்டு. வருடாவருடம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதற்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு நிவாரணம் கொடுக்கிறது, அந்த வருடம் 5,000 ரூபாய். யார் யார் மீனவர் என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, பணம் போட்ட பழக்கமும் இருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று நிறுத்தினால் நிவாரணம் உண்டு, விருந்தாளிக்காக நிறுத்தினால் மட்டும் ஏன் இல்லை? எனக்குத் தெரிந்த அவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு பக்கம் மாக்கல் பொம்மையும் சங்கும் பாசிமணியும் விற்கிறவர்களுக்கும் இதே கதைதான். கடையை மூடு, வண்டியை எடு, சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது. அவர்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள் என்றுதான் நம் குழுவில் கணக்கு.

ஊர் பளபளவென்று ஆனது உண்மை. ஐந்து ரதத்தின் வாசலில் 18 வகைக் காய்கனி கொண்டு தோரண வளைவு கட்டியிருந்தார்கள், டிவியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிற்பங்களுக்கு விளக்கு போட்டார்கள். கலாக்ஷேத்ரா ஆட்டம் கடற்கரைக் கோயிலைப் பின்னால் வைத்து நடந்தது, பிரதமர் வேட்டி கட்டி வந்தார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் சரியாக ஒரு மாதத்துக்கு முன், செப்டம்பர் 12 அன்று, எங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிச் செத்துப்போனார். அவரும் இந்த ஓ.எம்.ஆர் பக்கம் வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர்தான். அந்த ஈரம் காயும் முன்னே, தலைவர்களை வரவேற்கப் பேனர் வைக்க வேண்டும் என்று அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போய் நின்றது, அனுமதியும் வாங்கியது. பேனர் இல்லாமல் வரவேற்க முடியாதா? அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அந்த வெண்ணெய் உருண்டை, மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை. இரண்டு தலைவர்களும் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், மறுவாரமே கூட்டம் அலைமோதியது. அந்த மாதம் முடிவதற்குள் அதைப் பார்க்கவும் டிக்கெட் வைத்துவிட்டார்கள், நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. என் அப்பா என்னைச் சின்ன வயதில் கூட்டிப்போய் அந்தச் சரிவில் சறுக்கி விளையாடவிட்ட இடம் அது, யாரும் காசு கேட்டதில்லை.

இதெல்லாம் மாற்ற முடியாத விஷயமும் இல்லை, மாறியிருக்கிறது. 2021 ஜூனில், முதல்வர் செல்லும் வழியில் பெண் காவலர்களைத் தெருவில் நிற்கவைக்க வேண்டாம் என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவரிடமிருந்து உத்தரவு வந்தது. படித்ததும் எனக்கு அந்தப் பிள்ளை குடித்த இரண்டு மிடறு தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. அதே வருடம் அக்டோபர் 1 அன்று, முதல்வர் வருகைக்காக அடையாறில் சாலையை நிறுத்தியதில் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் கார் 25 நிமிடம் மாட்டிக்கொண்டது. அவர் உள்துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். சில நாட்களில் முதல்வரின் வாகன அணிவகுப்பு 12 வண்டியிலிருந்து ஆறாகக் குறைந்தது, பொதுமக்கள் வண்டிகளை நிறுத்தாமல் கூடவே செல்லும்படி ஏற்பாடு ஆனது. நல்ல முடிவு, செய்தவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அக்காவும் அந்த முப்பது பேரும் இரண்டு மணிநேரம் நின்றார்களே, அவர்கள் யாரைக் கூப்பிட்டுக் கேட்க முடியும்? ஒரு போன் நம்பராவது அன்று யாரும் கொடுத்தார்களா?

அன்று அக்காவால் வரமுடியாமல் போன நான்கு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மாதக் கடைசியில் 150 ரூபாய் பிடித்துவிட்டார்கள், சாயங்காலம் வரவில்லை என்று. அக்கா என்னிடம் சொன்னதே ரொம்ப நாள் கழித்துத்தான், அதுவும் வேறு ஏதோ பேச்சில். தங்கள் ஆபீஸ் லீவுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள் அவர்கள்.

போன ஞாயிறு அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். இனி இந்தச் சாலையில் யாருக்காகக் காவல் நிறுத்தினாலும் கீழே வாட்ச்மேன் அறைக் கழிவறையைக் காவலர்களுக்குத் திறந்துவிட வேண்டும், கேட் பக்கத்தில் ஒரு தண்ணீர் கேன் வைக்க வேண்டும் என்றேன், உடனே ஒத்துக்கொண்டார்கள். சாலை மறித்து வேலைக்கு வரமுடியாமல் போகும் நாளுக்கு எந்த வீட்டிலும் சம்பளம் பிடிக்கக்கூடாது என்றேன். அதற்குப் பேச்சு நீண்டது, அது அவரவர் வீட்டு விஷயம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டம் முதல் ஞாயிறு, பத்து மணிக்கு. நான் போகிறேன்.