ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறதா?

சின்ன டிராக்டரில் மீட்டர் தாறுமாறாகக் காட்டினால் உடனே புது மீட்டர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பாதிப் பேருக்குப் புது மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்லும். நான் பார்த்தவரை, மீட்டரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி. அப்புறம் ஒயரும், ஒயர்களை இணைக்கும் கப்ளரும். அதற்கப்புறம் சென்சார். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

என் வண்டியில் வந்த கோளாறையே சொல்கிறேன். பகலில் எல்லாம் சரியாக இருக்கும். இருட்டி ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். டீசல் முள்ளும் அப்போதுதான் டேங்க் நிரப்பியது போல மேலே ஏறும். விளக்கை அணைத்தால் இரண்டும் இறங்கிவிடும்.

இப்படிக் காட்டும்போது ஒயரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்ஜின் நிஜமாகவே சூடாகவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முள் பொய் சொல்கிறது என்று நாமாக நினைத்துக்கொண்டு ஓட்டினால் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பார்க்கலாம்; சூட்டில் திறக்கவே கூடாது. ஃபேன் பெல்ட்டையும், ரேடியேட்டர் முன்னால் அடைத்திருக்கும் தூசியையும் பார்க்கலாம். தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். எனக்கு 80 டிகிரி சொச்சம்தான் காட்டியது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, கோளாறு மின்சாரத்தில்தான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டு மீட்டர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தப்பு செய்தால் இரண்டு சென்சாரும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கும். ஒன்று கரண்ட் வரும் வழி, இல்லை திரும்பிப் போகும் வழி. என் வண்டியில் டேஷ்போர்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரே எர்த் போல்ட்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் விளங்கிவிடும். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அந்த போல்ட்டில் துரு பிடித்து வெறும் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், கிட்டத்தட்ட 2 வோல்ட் அங்கே தேங்கிவிடும். சென்சாரோ இன்ஜின் பிளாக்கில் நேராக எர்த் ஆகிறது. மீட்டர் நினைக்கும் எர்த் ஒன்று, சென்சாரின் எர்த் வேறொன்று என்று ஆனபிறகு முள் எப்படிச் சரியாகக் காட்டும்? ஏறுவதா இறங்குவதா என்பது மீட்டரின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

இதை மல்டிமீட்டரில் பிடிப்பது சுலபம். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலேயே அழுத்துங்கள். மேலே மாட்டிய கிளாம்ப்பில் வைத்தால் பாதி உண்மைதான் தெரியும். சிவப்பு முனையை மீட்டரின் எர்த் முனையில் வையுங்கள். சாவி போட்டு, விளக்கையும் போட்டுப் பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியைத் தேடிப் போகலாம். எனக்கு விளக்கு போட்டதும் 1.7 காட்டியது.

அந்த போல்ட்டைக் கழற்றியபோது மேலே பளபளவென்று இருந்தது. ஒயர் முனையில் இருக்கும் வளையமான லக்கின் அடிப்பக்கம்தான் பச்சைக் களிம்பு. அதற்கும் கீழே, தகட்டின் மேல் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது. மரை வழியாகத்தான் இத்தனை நாளும் கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, புது லக் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். கூடவே டேஷ்போர்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தனி ஒயரும் இழுத்துவிட்டேன். விளக்கு போட்டாலும் முள் அசையவில்லை.

ஒரே ஒரு மீட்டர் மட்டும் தகராறு செய்தால் வழி வேறு. டெம்பரேச்சர் என்றால் சாவி போட்டுவிட்டு சென்சார் ஒயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முள் குளிர்ந்த பக்கம் விழும். அந்த ஒயரை இன்ஜின் பிளாக்கில் ஒரு நொடி தொட்டால் சூட்டுப் பக்கம் ஓடும். ஓடினால் மீட்டரும் ஒயரும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. நீண்ட நேரம் தொட்டு வைக்காதீர்கள், சில மீட்டர்கள் தாங்காது. கழற்றிய சென்சாரை வெந்நீரில் விட்டு ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும். திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைக்காதீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த்.

டீசல் மீட்டருக்கு அளவு சொல்வது டேங்க்குக்குள் இருக்கும் ஃப்ளோட் யூனிட், அதாவது மிதவை வைத்த சென்சார். அதில் எத்தனை ஓம் காலி, எத்தனை ஓம் நிறைவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். 240 ஓம் காலி, 33 ஓம் நிறைவு என்று ஒரு வகை. 10 ஓம் காலி, 180 ஓம் நிறைவு என்று இன்னொரு வகை. வேறு வகை ஃப்ளோட்டை வாங்கி மாட்டினால் முள் தலைகீழாகக் காட்டும். அந்த யூனிட்டை வெளியே எடுத்து மிதவையைக் கையால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஓம் சீராக மாற வேண்டும். நடுவில் எங்காவது தாவினால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது. இதை டேங்க் வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம்.

எந்த மீட்டருமே அசையவில்லை என்றால் ஃபியூஸ். கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது உட்காரும் பற்களையும் பாருங்கள். இங்கே மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லாம்ப்பை, அதாவது ஒயர் கோத்த சின்ன பல்பைத்தான் நான் நம்புவேன். ஒயர் உள்ளே அரித்துத் தடை ஏறியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு அப்படி இல்லை, மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்படி உள்ளுக்குள் கெட்ட ஒயரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

பழைய வண்டிகளில் மீட்டர்களுக்குப் பின்னால் சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் வருகிற மாதிரி வைத்திருக்கும். அதற்கு எர்த் போனாலும் எல்லா முள்ளும் ஒன்றாக ஏறும். இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் துடித்தால், சில மாடல்களில் அதற்கான துடிப்பு ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதால், முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஆறிய இன்ஜினிலும் சூடான இன்ஜினிலும் சென்சாரின் ஓம் எவ்வளவு, டேங்க் காலியில் எவ்வளவு, நிறைவில் எவ்வளவு என்று அளந்து, பானெட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை யார் திறந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம்.