சின்னத் தொழிலுக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது

புறநகரில் வேலை பெருக வேண்டும் என்றதும் பெரிய கம்பெனி எப்போது வரும் என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஏற்கெனவே அங்கே இருக்கும் பட்டறையும் அச்சகமும் தையல் கடையும் ஆளுக்கு ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொண்டாலே பெரிய விஷயம். பல இடங்களில் அதைத் தடுப்பது ஆர்டர் பஞ்சம் அல்ல, பில் பணம் வரும் தாமதம்.

கணக்கைப் பாருங்கள். பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒருவர் ஆட்களுக்கு வாராவாரம் கூலி கொடுக்கிறார். பள்ளியோ குடியிருப்போர் சங்கமோ 90 நாள் கழித்துப் பணம் தந்தால், போட்ட முதலை அதுவரை கடனில் ஓட்ட வேண்டும். மாத வட்டி 3 சதவீதம் என்றால் மூன்று மாதத்தில் 9. முதலுக்கு 10 சதவீதம் லாபம் வைத்திருந்தால் மிஞ்சுவது 1. இதில் புது ஆளை எப்படிச் சேர்ப்பார்?

அதனால் வேலை தருபவர்கள் 30 சதவீதம் முன்பணம், பாதி வேலையில் 40, முடிந்ததும் 30 என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பில்லுடன் என்னென்ன காகிதம் வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததற்கான கையெழுத்து ஒன்று இல்லாமலே பல பில்கள் மேஜையில் தூங்குகின்றன.

பெரிய ஒப்பந்தத்தை வயரிங், பிளம்பிங், பெயின்டிங் என்று பிரித்தால் சிறியவர்களும் தங்கள் விலையைச் சொல்லி வேலை கேட்க முடியும். ஆனால் யார் எப்போது உள்ளே வருவது என்று பார்க்க ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்த சுவரை வயரிங்காரர் மறுநாளே உடைப்பார்.