மைனஸ் 18-ல் முனகும் சஸ்பென்ஷன்: சத்தம் தேடிய குறிப்புகள்

டொராண்டோவில் குளிர் மைனஸ் 10-க்குக் கீழே போனால் என் காரில் மூன்று தொல்லைகள் ஒன்றாக ஆரம்பிக்கும். வீட்டு வாசலிலிருந்து ரோட்டில் இறங்கும்போது முன்பக்க வலது மூலையில் நீளமாக ஒரு கிரீச். சின்னக் குழிகளில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு அடி. அப்புறம், ரோட்டில் உள்ள ஒவ்வொரு விரிசலும் குறையாமல் முதுகுக்கு வந்து சேரும். கால் மணி நேரம் ஓட்டினால் மூன்றும் அடங்கத் தொடங்கும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. கிரீச் முதலில் போகும், அதிர்வு மெல்லக் குறையும், ‘டொக்’ மட்டும் கொஞ்சம் மங்கி அப்படியே இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன்.

கார் பத்து வயது தாண்டிய சின்ன செடான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குத் தண்டு). இந்த ஊரில் ஓடும் சின்னக் கார்களில் நிறைய இதே அமைப்புதான், அதனால் கீழே உள்ளது பலருக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடும் இடத்தில் வண்டி நின்றது. காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு “சத்தமே இல்லையே” என்றார்கள். கூடவே நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்லி ஒரு எஸ்டிமேட். ஸ்காபரோவில் எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், பல வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அவரிடம் எஸ்டிமேட்டைக் காட்டினேன். “தம்பி, குளிருக்கை வாற சத்தத்தைச் சூட்டுக்கை வச்சுத் தேடினா எப்பிடிக் கிடைக்கும்? வெளியில நிக்கேக்கையே பாருங்கோ” என்றார். அதன் பிறகு எல்லாச் சோதனையையும் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில், எஞ்சின் போடுவதற்கு முன்னாலேயே செய்தேன்.

டயர் காற்று

சத்தத்துக்கும் டயருக்கும் நேரடி சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் அதைச் சரி செய்யாமல் மேலே போனால் மற்ற எதையும் நம்ப முடியாது. 20 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ வைத்த டயர், மைனஸ் 20-ல் சுமார் 26-க்கு இறங்கிவிடும். கணக்கு எளிது. கேஜ் காட்டும் 32-உடன் வெளிக்காற்றின் 14.7-ஐச் சேர்த்தால் 46.7. வெப்பநிலையை கெல்வினில் எடுத்தால் 293-லிருந்து 253-க்கு வருகிறது, அதே விகிதத்தில் அழுத்தமும் குறையும். 40.3 வரும், அதில் 14.7-ஐக் கழித்தால் 25.6. எங்கும் ஓட்டை இல்லை, பஞ்சர் இல்லை, ஆறு பி.எஸ்.ஐக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. சூடான கராஜுக்குள் காற்று அடித்துவிட்டு வெளியே எடுத்தால் இதே கதைதான்.

காற்று குறைந்தால் டயர் மெத்தென்று ஆக வேண்டும், வண்டி ஏன் இடிக்கிறது என்று தோன்றும். பக்கச்சுவர் அதிகம் மடங்குகிறது, உண்மை. ஆனால் குழியில் விழும்போது டயர் நசுங்கி ரிம் வரை போய்விடும், அந்த அடி மிகக் கடுமையாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற டயர், தரையைத் தொட்ட பக்கம் தட்டையாகி, குளிரில் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். கிளம்பியதும் முதல் ஓரிரு கிலோமீட்டருக்கு வரும் ‘தடதட’ அதுதான், காற்று குறைந்திருந்தால் அது கூடும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட அளவை, வெளியே நின்று குளிர்ந்த டயரில் வைத்தேன். தடதட பாதியாகக் குறைந்தது. கிரீச்சும் டொக்கும் அப்படியே இருந்தன.

கிரீச்

மைனஸ் 18 இருந்த ஒரு காலையில் முன்சக்கரங்கள் இரண்டையும் ராம்ப் (சாய்வு மேடை) மேல் ஏற்றினேன். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கிவிடும், புஷ்களில் (இரும்புப் பாகங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் உறைகள்) பாரம் மாறிவிடும், சத்தமும் மறைந்துவிடலாம். ராம்பில் வண்டியின் எடை சக்கரத்தின் மேலேயே இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பையனை ஃபெண்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். நான் பக்கவாட்டில் படுத்து ஒவ்வொரு பாகத்திலும் விரலை வைத்துப் பார்த்தேன். காது ஏமாற்றும், சத்தம் இரும்பு வழியே ஓடி வேறு எங்கோ கேட்கும். விரல் அவ்வளவு ஏமாறாது. ஸ்டெபிலைசர் பாரில் (திருப்பத்தில் வண்டி அதிகம் சாயாமலிருக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) வலப்பக்கம் கை வைத்தபோது கிரீச்சுக்குச் சரியாக அதிர்ந்தது.

ஆனால் பார் முழுவதும் ஒரே கம்பி, எங்கே பிறந்த அதிர்வு என்று அதிலும் தெரியாது. இங்கேதான் ஹேர் டிரையர் உதவியது. எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, பாரைச் சட்டத்தோடு பிடித்து நிற்கும் வலப்பக்க ரப்பர் புஷ்ஷை மட்டும் சில நிமிடம் சூடாக்கினேன். கிரீச் நின்றது. டிரையரை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். புஷ் மறுபடி குளிர்ந்ததும் கிரீச் திரும்பி வந்தது. இடப்பக்கத்தையும் இதே மாதிரி சூடாக்கினேன், எந்த மாற்றமும் இல்லை. சந்தேகப்படும் பாகங்களை வரிசையாகக் கழற்றி மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு பாகத்தைச் சூடாக்க முடிந்தால் அதை மட்டும் குளிர்காலத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

ரப்பர் குளிரில் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கை ரப்பர் கண்ணாடி போல விறைத்துப் போவது மைனஸ் 70 டிகிரி வாக்கில்தான், அந்தக் குளிர் இங்கே கிடையாது. ஆனால் அதற்கு வெகு முன்பே இறுக ஆரம்பித்துவிடும். புது புஷ் இறுகினாலும் பாரை விடாமல் பிடித்துக்கொள்ளும், முறுக்கு ரப்பருக்குள்ளேயே நடக்கும். தேய்ந்த புஷ் குளிரில் சுருங்கி இறுகும்போது அந்தப் பிடி போய்விடும். பார் அதற்குள் ஒட்டி ஒட்டி வழுக்கும். அந்த ஒட்டி வழுக்கலின் சத்தம்தான் கிரீச். வெயில் காலத்தில் ரப்பர் மிருதுவாகி இடைவெளியை அடைத்துக்கொள்வதால் அதே புஷ் வாய் திறப்பதில்லை.

கழற்றிப் பார்த்தபோது புஷ்ஷின் உள்வட்டம் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. பாரில் அந்த இடத்தில் பெயின்ட் போய்த் துரு ஏறியிருந்தது. ரோட்டில் போடும் உப்பும் பனிச்சேறும் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை அவையே செய்துவிடும். துருவைச் சுரண்டி, மெல்லிய எமரி பேப்பரால் வழவழப்பாக்கி, பெயின்ட் அடித்துக் காயவிட்டு, இரண்டு பக்கமும் புது புஷ் போட்டேன்.

கிரீஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். சில புஷ்கள் காய்ந்த நிலையிலேயே போட வேண்டியவை, பாரை இறுகப் பிடிப்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்வார். எதுவானாலும் பெட்ரோலிய எண்ணெயில் செய்த சாதாரண கிரீஸ் வேண்டாம், இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தால் அன்றைக்கே சத்தம் நிற்கும், அடுத்த மழைக்குத் திரும்பி வரும், புஷ்ஷுக்கும் கெடுதல். சத்தம் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் சிலிக்கான் ஸ்பிரே போதும்.

டொக்

இது புஷ் மாற்றிய பிறகும் போகவில்லை. சூடானாலும் முழுதாக அடங்காததால், இறுகிய ரப்பர் காரணமாக இருக்காது, எங்கோ ஒரு பாகம் ஆடுகிறது என்று எண்ணினேன். சந்தேகம் லிங்க் ராடின் மேல். பாரின் முனையை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் குட்டிக் கம்பி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு). கையால் ஆட்டினால் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தொங்கும்போது பாரின் முறுக்கு அதை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கலாம். அண்ணன் சொன்ன வழி: இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, தெருவைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. திருப்பத்தில் வண்டி அதிகம் சாயும், அதனால் ஆள் நடமாட்டமில்லாத தெருவில், நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ‘டொக்’ இல்லவே இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

கழற்றியது அவ்வளவு சுலபமாக இல்லை. நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடிக்க நுனியில் ஆலன் கீ போகும் துளை உண்டு, ஆனால் உப்பு தின்ற வண்டியில் அந்தத் துளை வட்டமாகிவிடும். முந்தைய நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் ஹாக்ஸா பிளேடால் அறுக்க வேண்டியதாயிற்று. பழைய பாகத்தைத் தூக்கிப் போடத்தானே போகிறோம், துளையோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்குவதைவிட அறுத்துவிடுவது மேல். விரல் விறைக்காமலிருக்க உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. நட்டைக் கையில் உணரவும் முடிந்தது, எண்ணெயும் ஒட்டவில்லை.

கழற்றிய வலப்பக்க லிங்க்கில் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர். குளிரில் அந்தத் தண்ணீர் உறையும், மிச்சமிருக்கும் கிரீஸும் கெட்டியாகும், ஜாயின்ட் சுற்றாமல் சிக்கி, பிறகு பட்டென்று விடும். இரண்டு பக்கமும் புதிது மாட்டி, சக்கரங்கள் ஒரே உயரத்தில் இருக்கும் நிலையில், மேனுவலில் போட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கினேன். டொக் போய்விட்டது.

மிச்சமிருக்கும் இடிப்பு

இப்போது சத்தம் இல்லை, ஆனால் கிளம்பிய முதல் பத்து நிமிடம் வண்டி இன்னும் கட்டாந்தரையில் போவதாகவே இருக்கிறது. இது வேறு விஷயம் என்பது என் முடிவு. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே ஓடித்தான் அதிர்வைத் தின்கிறது. குளிரில் அது விளக்கெண்ணெய் போல ஊர்ந்து போகும். துளையைச் சுலபமாகத் தாண்ட முடியாததால் தண்டு லேசில் நகராது, அடி நேராக பாடிக்கு வரும். ஓட ஓட, தின்ற அதிர்வெல்லாம் சூடாக மாறி எண்ணெயை இளக்கும். போனை டாஷ்போர்டு தாங்கியில் இறுக்கிவைத்து, அதிர்வைப் பதியும் ஒரு செயலியோடு, ரயில் தண்டவாளம் கடக்கும் ஒரே இடத்தைக் கிளம்பியதும் ஒரு முறை, 401 நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய் வந்த பின் ஒரு முறை கடந்தேன். முதல் வரைபடத்தில் முள் முள்ளாக இருந்தது, இரண்டாவதில் அதே இடம் மேடுகளாகத் தணிந்திருந்தது. அதிகாலைக் குளிரில் பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் சோதனைக்கு இங்கே மதிப்பே கிடையாது. தளர்ந்துபோன ஷாக்கும் அந்தக் குளிரில் பாஸாகிவிடலாம்.

அதனால்தான் அந்த எஸ்டிமேட்டை நான் ஏற்கவில்லை. புது ஷாக்கிலும் எண்ணெய்தான் இருக்கும், அதுவும் கெட்டியாகும். மாற்ற வேண்டும் என்பதற்கான அடையாளங்கள் வேறு: ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருப்பது, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்வது, சூடான பிறகும் வண்டி மிதந்துகொண்டே இருப்பது. தண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். என் வண்டியில் அந்தப் பூச்சுக்கு மேல் எதுவும் இல்லை.

இடிப்பைக் குறைக்க உருப்படியாகச் செய்ய முடிந்தது சக்கர அளவு. கோடையில் 205/55 ஆர்16, பனிக்கால டயருக்கு 195/65 ஆர்15 (முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கச்சுவர் அதில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் அங்குலத்தில்). மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது. ஆனால் பக்கச்சுவர் சுமார் 113 மில்லிமீட்டரிலிருந்து 127 ஆகிறது. கூடுதல் காற்றும் ரப்பரும் ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் நிற்கின்றன. பனிக்கால டயரின் கலவையும் 7 டிகிரிக்குக் கீழே இறுகாமல் இருக்கவே செய்தது. இரண்டும் சேர்ந்து தந்த மாற்றம் ஷாக்கில் எவ்வளவு செலவு செய்திருந்தாலும் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ரிம்முக்குள் பிரேக் கேலிப்பர் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

கீழே படுத்தபோதே மற்றதையும் பார்த்தேன். காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பெயின்ட் உரிந்து மேல்துரு இருக்கிறது, விரிசல் இல்லை. உப்பு ஊர்களில் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான், அதனால் ஒவ்வொரு டயர் மாற்றத்தின்போதும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவேன். குளிர் பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாட்களில் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடிக்கிறேன். உறையும் குளிரில் அடித்தால் அந்தத் தண்ணீரே போய் ஜாயின்ட்களில் உறைந்துவிடும். லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் சட்டத்தோடு சேர்க்கும் கை) பின்பக்க புஷ்ஷை நெம்புகோல் போட்டு அசைத்ததில் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன, ரப்பர் இரும்பிலிருந்து பிரியவில்லை.

அதை ஏப்ரலில் மாற்றப் போகிறேன். போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரமே கிழியும். ராம்ப் இருக்கிறது, டார்க் ரெஞ்ச் இருக்கிறது. ஆர்ம்மையே முழுதாக வாங்குவதா, புஷ்ஷை மட்டும் பிரஸ் போட்டு ஏற்றுவதா என்பதை அண்ணனிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே கூலி இருக்கிற விலைக்கு ஆர்ம்மாகவே வாங்குவதுதான் லாபம் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது.