விரல் ஒரு சொல்லில், குரல் வேறு சொல்லில்

வயது வந்தோர் கல்வியை ஆய்வுக்கு எடுக்கும் முதுகலை மாணவர் பெரும்பாலும் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸிடமிருந்துதான் தொடங்குவார். பெரியவர் அனுபவத்தோடு வருகிறார், உடனே பயன்படுவதைக் கேட்கிறார், தன் கற்றலைத் தானே நடத்த விரும்புகிறார் என்பதெல்லாம் முதல் இயலிலேயே வந்துவிடும். 1970இல் குழந்தைக் கல்வியையும் பெரியவர் கல்வியையும் எதிரெதிராக நிறுத்திய நோல்ஸே 1980இல் அந்தப் பிரிவினையைத் தளர்த்திக்கொண்டதைப் பலர் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை. போகட்டும். மாலை ஏழு மணிக்கு ஓர் எழுத்தறிவு மையத்தில் போய் உட்கார்ந்தால், இந்தக் கோட்பாடுகளுக்கு முன்னால் கண்ணில் படுவது வேறொன்று: புத்தகத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடிக்கும் பழக்கம்.

நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து. பாடநூலின் சின்ன எழுத்து, மங்கிய ஒற்றை பல்பு, பக்கத்தில் இருப்பவரின் நிழல் மூன்றும் சேர்ந்தால் யாருக்குமே மண்டையில் ஏறாது. 'மந்தமாகக் கற்பவர்' என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டவரில் எத்தனை பேருக்கு வேண்டியது +1.50 கண்ணாடி மட்டும் என்று பார்க்காமல் கற்றல்திறனைப் பற்றி எழுதுவது வீண் வேலை. கண் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். அச்செழுத்து 20 பாயின்ட் அளவுக்குக் குறையக் கூடாது.

அடுத்தது கை. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை பென்சிலையும் அதே அழுத்தத்தில் பிடிக்கும். முனை ஒடியும், தாள் கிழியும், மணிக்கட்டு வலிக்கும். நாலுகோடு நோட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் சிலேட்டில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக எழுத விட்டால் இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

எழுத்து வரிசையில்தான் நிஜமான சிக்கல். பள்ளிப் பழக்கத்தில் அ, ஆ என்று ஆரம்பிப்பார்கள். சுழி போட்டு, வளைத்து, கோடு இழுத்து எழுத வேண்டிய 'அ'வை முதல் நாளே கொடுத்தால் வந்தவர் மறுநாள் வரமாட்டார். ட எழுதுவது சுலபம், கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் ப. அந்த வலக்கோட்டை வளைத்துவிட்டால் ம. இந்த மூன்றோடு புள்ளியும் துணைக்காலும் சேர்ந்தால் படம், பாடம், பட்டம், பட்டா, மாடம், மாமா என்று ஆறு சொல் கிடைக்கும். கிராமத்தில் பட்டா என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அதற்காகத் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை என்பதை அவர்களே சொல்வார்கள். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு புதிய உருவங்கள் போதும். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கக்கூடியது ஏறத்தாழ நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

கால் சுலபம். உகரம் படுத்தும். பு, மு, கு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். விதியாகச் சொல்ல முடியாது, சொல்லோடு சொல்லாகத்தான் பழக வேண்டும். அதைவிடக் கஷ்டம் கொம்பு. 'பேரு' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ப. கையும் அதையே முதலில் எழுதும். பிறகு இரட்டைக் கொம்பைப் போட இடம் தேடினால் இடப்பக்கம் இடமிருக்காது; நெருக்கிச் செருகுவார்கள், இல்லாவிட்டால் வலப்பக்கம் போடுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று திருத்துபவருக்கு வேலை தெரியவில்லை. கற்பவர் தன் காதுக்கு உண்மையாக எழுதுகிறார். பழத்தைப் பளம் என்றே பேசும் ஊரில் ழகரப் பிழையும் அப்படித்தான்.

இனி, ஆய்வாளர் அதிகம் ஏமாறும் இடம். இரண்டாம் மாதம் ஓர் அம்மா பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறார். விரலைப் பாருங்கள். குரல் 'வந்தது' என்கிறபோது விரல் இரண்டு சொல் பின்தங்கி இருக்கும், அல்லது வரி முடிந்தும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். பக்கம் முழுக்க மனப்பாடம். காதால் கேட்டதைப் பிடித்துவைக்கும் நினைவு பெரியவர்களுக்குப் பலமானது. கணக்குப் புத்தகம் இல்லாமல் கடனை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள். கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கிப் படிக்கச் சொன்னால் உண்மை தெரியும். கையெழுத்தும் அப்படியே. பெயரைப் படமாக வரையப் பழகியவர் பலர். அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்தை வேறொரு சொல்லில் காட்டச் சொன்னால் திகைப்பார்கள். 'படிக்கத் தெரியுமா?' என்ற கேள்விக்குக் கூச்சத்தில் எதையாவது சொல்லிவிடுவார்கள். மாத்திரை அட்டையையோ பஸ் பலகைப் படத்தையோ கையில் கொடுப்பது மேல். ஐந்து நிலை அளவுகோலில் 'கற்க ஆர்வம் எவ்வளவு?' என்று கேட்டால் எல்லாரும் 'ரொம்ப' என்பார்கள். அதை வைத்து வரைபடம் போடலாம், வேறு பயனில்லை.

பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேவை மேற்கோள் காட்டாத ஆய்வேடு அபூர்வம். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேர வகுப்பு. அதற்கு முன்னால் நடந்த வேலையைத்தான் மறந்துவிடுகிறார்கள்: மக்கள் பேசுவதைக் கேட்டுச் சொற்களைத் திரட்டி, ஒலிகள் எல்லாம் வரும்படி பொறுக்கி, சுலபத்திலிருந்து கடினத்துக்கு அடுக்குவது. செங்கலைக் குறிக்கும் 'திஜோலோ' அவர் முறைக்குப் பேர்போன உதாரணம். தி-யிலிருந்து த, தெ, தி, தொ, து என்று விரிப்பார்கள். நம் உயிர்மெய் வரிசைக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்ந்த சொற்களைக் கொண்டுபோய் அவர் பெயரில் நடத்தினால் அது வெறும் அரிச்சுவடிதான்.

கணக்கில் நிலைமை தலைகீழ். கலிபோர்னியாவில் மானிடவியலாளர் ஜீன் லேவ் பெரியவர்களைப் பின்தொடர்ந்தபோது, பலசரக்குக் கடையில் அவர்கள் போட்ட கணக்கில் 98 விழுக்காடு சரி. அதே ஆட்கள் தாளில் எழுதிய தேர்வில் 59. கீரைக் கட்டு விற்பவரிடம் கடன் வாங்கிக் கழிக்கும் பள்ளி முறையைத் தொடக்கத்திலிருந்து சொல்லித்தருவது அவரைக் கேலி செய்வது போல. 83 ரூபாய்க்கு 100 கொடுத்தால் அவர் கழிப்பதில்லை, 83இலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போவார். அந்த வழியையே தாளில் எழுதிக் காட்டி, பிறகு பள்ளி வழிக்கு வரலாம்.

வருகைப் பதிவேடு எப்போதும் ஓட்டையாகத்தான் இருக்கும். நடவு வந்தால் பாதிப் பேர் இல்லை, குழுக் கூட்டம் என்றால் மீதியும் இல்லை. மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே காட்டிவிட்டார். ஆகவே ஒரு மணி நேர வகுப்பில் முதல் 15 நிமிடம் பழைய சொற்களுக்கு: நேற்றையது, மூன்று நாள் முந்தியது, போன வாரத்தது. நான்கு நாள் வராமல் வந்தவரும் அதில் ஒட்டிக்கொள்வார். 'ஏன் வரல?' என்று இருபது வயதுத் தன்னார்வலர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் ஐம்பது வயதுக்காரர் அடுத்த வாரமும் வரமாட்டார். 'வாங்கம்மா, நடவு முடிஞ்சுதா?' என்றால் வருவார்.

2022இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வுக்கு 150 மதிப்பெண். வாசிப்பு, எழுத்து, எண் ஒவ்வொன்றுக்கும் 50. தேறியவர் பட்டியல் கையில் கிடைத்ததும் ஆய்வேட்டை முடித்துவிடத் தோன்றும். ஆறு மாதம் கழித்து, பாடநூலில் இல்லாத ஒரு தாளோடு அதே வீடுகளுக்குப் போங்கள். ரேஷன் கடை ரசீது, மின்கட்டணக் குறுஞ்செய்தி எதுவானாலும் சரி. கண்ணாடியை மாட்டிக்கொள்ள நேரம் கொடுங்கள், பிறகு விரலைப் பாருங்கள்.